ஆத்தா மரத்துக் கிண்ணம்

கோவிலம்பாக்கத்தில் தயாளன் வீட்டுக்குள் நுழையும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது டிவிக்கு மேலே உள்ள கண்ணாடி அலமாரிதான். அதில் பரிசுக் கோப்பை கிடையாது, சிங்கப்பூரிலிருந்து வந்த பொம்மை கிடையாது. வரிசையாக மரக்கிண்ணங்கள், மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றும் அப்பளத்தின் கனம்தான் இருக்கும். வந்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, நீங்களே செஞ்சதா சார்?" என்பார்கள். "சும்மா, பொழுதுபோக்குதான்" என்பார் தயாளன். அந்தச் 'சும்மா'வில் இருக்கும் கர்வத்தை மூட்டை கட்டித்தான் தூக்க வேண்டும். அந்தக் கிண்ணங்களில் இன்றுவரை ஒரு வேர்க்கடலையைக்கூடப் போட்டதில்லை என்பது அவர் மனைவி ரேணுகாம்பாளுக்கு மட்டுமே தெரியும்.

தயாளன் தாம்பரம் பக்கம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு நேரம் தாமதம் என்று முப்பத்தோரு வருஷம் எழுதிய கை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இன்றைக்கு நான் செய்தது இது என்று எடுத்துக் காட்ட அந்தக் கையில் ஒன்றும் இருக்காது. ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் இருக்கும்போது, பல்லாவரத்தில் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்த ஒரு பட்டறை இடம் மாறியது. அங்கே கிடந்த பழைய லேத் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். முதல் வருஷம் பாதிக் கிண்ணங்கள் சுழலும்போதே பிய்த்துக்கொண்டு பறந்தன. ஒன்று போய் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. மனுஷர் விடவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. தகப்பனார் காலத்திலேயே கழனியெல்லாம் பிளாட் ஆகிவிட்டது; மிஞ்சியது பழைய வீடும் மனையும். அதையும் பில்டரிடம் கொடுத்தார்கள். நாலு மாடி எழும்பியது. தரைத்தளத்தில் இவர்களுக்கு ஒரு வீடு, லிஃப்ட், மழைக்கு ஒழுகாத கூரை. இதெல்லாம் யாருக்குக் கசக்கும்? தயாளனுக்குக் கார் இல்லாததால் அவருக்கு ஒதுக்கிய பார்க்கிங்கில் லேத் நின்றது. சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்து, காலை பத்து மணிமுதல் பன்னிரண்டுவரை மட்டும் ஓட்டலாம் என்று தீர்மானம் போட்டார்கள். டைம் கீப்பர் ஆயிற்றே, ஒரு நிமிஷம் முன்பின் ஓட்ட மாட்டார்.

வீட்டை இடித்தபோது வாசலில் இருந்த வேப்பமரமும் போனது. அந்தத் தெருவுக்கு அது மரம் மட்டுமில்லை. அடியில் மஞ்சள் புடவை சுற்றி, குங்குமம் வைத்து, ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற இடம். எல்லோரும் 'ஆத்தா மரம்' என்றுதான் சொல்வார்கள். வெட்டுவதற்கு முன் எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டி, ரேணுகாம்பாள் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அடிமரத்தில் இரண்டடித் துண்டை மட்டும் தயாளன் தனக்கென்று எடுத்துவைத்தார். வெடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்து, காயட்டும் என்று ஒரு மூலையில் போட்டார்.

இங்கே ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொரோனா இரண்டாவது அலையில் தயாளன் படுத்தார். பிழைத்து எழுந்தார். மூக்கும் நாக்கும் எழவில்லை. ஊதுவத்தி, மீன் வறுவல், மழை பெய்த மண் எதுவுமே அவருக்கு மணக்கவில்லை. வாயில் போட்ட சோறு சூடாகவோ ஆறியோ இருந்தது, அவ்வளவுதான். ரேணுகாம்பாள் தினம் ஒன்று செய்து எதிரே உட்கார்ந்து, "இப்ப தெரியுதாங்க?" என்று கேட்பாள். மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, நெத்திலி வறுவல் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மூன்று மாசம் கழித்து ஒருநாள் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். "நான் யாருக்குத்தான் ஆக்குறேன்?" என்றாள். மறுநாள் தயாளன் ஒரு வாய் வைத்ததும், "ரேணு, வந்துடுச்சி!" என்றார். அவள் ஓடிப்போய் அம்மன் படத்துக்கு விளக்கேற்றினாள். தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அதற்குப்பிறகு எந்த முகத்தோடு போய், இல்லை, வரவில்லை என்று சொல்வது?

பொய்யைக் காப்பாற்றுவது அவருக்குக் கஷ்டமாக இல்லை. குழம்பின் நிறத்தைப் பார்த்தே "இன்னிக்குக் காரம் கொஞ்சம் தூக்கல்" என்பார். வற்றல் குழம்பு என்றால் "புளி சரியா இருக்கு" என்பார். வண்டி வருகிற வேகத்தைப் பார்த்தே தாமதத்தைச் சொன்னவருக்கு இது பெரிய காரியமா?

அடுத்த வருஷம் ரேணுகாம்பாளுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். மாத்திரைகள் வந்தன, நடுக்கம் போகவில்லை. கரண்டி பிடிக்க முடியாமல் போனதும் சமையல் தயாளன் கைக்கு வந்தது. ருசி தெரியாத மனுஷன் சமைத்தால் எப்படி இருக்கும்? ஊரப்பாக்கத்தில் இருக்கும் மகள் தேவதர்ஷினி ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டு, "அப்பா, சாம்பார்ல உப்பு ரெண்டு தடவ போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "மறதிம்மா" என்றார். ரேணுகாம்பாள் குறுக்கே வந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆம்பள சமைக்கிறதே பெரிசு, அதுல குத்தம் சொல்லாத." அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ஆனால் சாப்பிடுவதுதான் அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. எவர்சில்வர் தட்டில் அவள் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். சோறு விளிம்பைத் தாண்டி மடியில் சிந்தும். யார் எதிரிலும் சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார ஆரம்பித்தாள். ஆடிக்கூழுக்குத் தெருவே வரிசையில் நிற்க அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றியவள் அவள். மகள் ஸ்பூனை எடுத்தபோது, "ஊட்டறதுக்கு நான் என்ன கொழந்தையா? என் கையால சாப்பிட முடியலன்னா எனக்குச் சோறே வேணாம்" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அன்றைக்குத் தயாளன் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். பதினேழு கிண்ணங்களும் அழகாக இருந்தன. ஒன்றுகூடப் பயன்படாது. விரல் பட்டாலே சாயும். தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

மூலையில் கிடந்த ஆத்தா மரத்தை எடுத்தார். நாலு வருஷம் காய்ந்து கல்லாக இருந்தது. இந்த முறை மெலிசாக்க நினைக்கவில்லை. அடி கனமாக, தட்டினாலும் நகராதபடி. பக்கச் சுவர் உள்பக்கம் வளைந்து, விரல் தள்ளும் சோறு மேலே ஏறி மறுபடி உள்ளேயே விழும்படி. உளியை வைத்ததும் மரத்தூள் பறந்தது. வாட்ச்மேன் தாவீது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "இன்னா சார், வேப்பெண்ண டின்னு உடைஞ்ச மாதிரி நெடி தூக்குது. உங்களுக்கு ஒண்ணும் தெர்லயா?" தயாளன் சிரித்து மழுப்பினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மருந்து கலந்த பாலீஷ் சாப்பாட்டில் இறங்கிவிடும் என்று அதைத் தொடாமல், நல்லெண்ணெய் மட்டும் தடவினார். அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி ஒட்டினார்.

"ஆத்தா மரமாச்சே, எச்சில் படலாமாங்க?" என்று ரேணுகாம்பாள் தயங்கினாள்.

"உன் பேரே அம்மன் பேரு. ஆத்தா சோறு போடறதா நெனச்சுக்கோ" என்றார். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த மரத்திலிருந்து அவளுக்குக் கெடுதல் வரும் என்று அந்தத் தெருவில் எவருக்குமே தோன்றியிருக்காது.

முதல் நாள் சாம்பார் சாதம். அவள் விரல்கள் நடுங்கின, கிண்ணம் நகரவில்லை. ஒரு பருக்கை வெளியே விழவில்லை. சாப்பிட்டு முடித்து நிமிர்ந்து, "சத்தமே வரலைங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தயாளனுக்கும்தான். மறுநாளிலிருந்து அவள் சுவரைப் பார்த்து உட்காரவில்லை.

எண்ணெய்ப் பூச்சு கழுவிக் கழுவித் தேய்ந்திருந்த நாலாம் நாள், ரசம் சாதத்தை வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள். "ஏங்க, ஒரு மாதிரி கசக்குது. நீங்க பாருங்களேன்." தயாளன் கிண்ணத்தைத் தூக்கி இரண்டு மடக்குக் குடித்தார். சூடாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் கசக்கலியே. நல்லாத்தான இருக்கு" என்றார்.

மூன்று வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். யோசிக்காமல் சொல்லிவிட்டது.

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ருசி தெரிந்த மனுஷன் கசக்கவில்லை என்கிறாரே. அப்படியானால் கசப்பு தன் நாக்கில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினாள். டாக்டரிடம் சொன்னபோது அவரும் மாத்திரையால் அப்படி ஆவதுண்டு என்று தலையாட்டினார். எல்லாச் சாப்பாடும் அந்தக் கிண்ணத்தில்தான், ஆகவே எல்லாமே கசந்தது. ஸ்ட்ரா வைத்துக் குடிக்கும் காபி மட்டும் தொண்டையில் இறங்கியது. "அது கசப்புதானே, அதனால வித்தியாசம் தெரியல போல" என்று அதற்கும் அவளே காரணம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு பிடி, போதும். ஒரு பிடி, போதும். வற்புறுத்தினால், "பசிக்கலைங்க" என்பாள். ஐம்பத்தேழு கிலோ இருந்தவள் நாற்பத்து மூன்றுக்கு இறங்கினாள். வளையல் முழங்கைக்கு ஏறியது. பங்குனி மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். இதுக்கு மேல குறைஞ்சா மூக்கு வழியா டியூப் போட்டுடலாம். வேற வழி இல்ல சார்." ஆட்டோவில் திரும்பும்போது ரேணுகாம்பாள் சொன்னாள். "டியூப் போட்டா சாப்பிடறது நானா, அதுவா? அந்த நெலமை வேணாங்க எனக்கு." மேடவாக்கம் கூட்ரோடு நெரிசலில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஆட்டோ நின்றுகொண்டே இருந்தது. தயாளன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அது அவர் கைக்குள்ளேயும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஜோதிலட்சுமி வந்தாள். கானத்தூர் குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் மீன் கொண்டுவருகிறவள். பதினைந்து வருஷப் பழக்கம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கூடையை இறக்கிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"யக்கா, நாக்கு ஒட்டிகினு கீது. எதுனா குட்க்க குடேன்."

ரேணுகாம்பாளுக்கு எழுந்து டம்ளர் தேட முடியவில்லை. கையெட்டும் தூரத்தில் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் இருந்தது, காலையில் கடைந்த மோர் இருந்தது. பாதி சிந்தினாலும் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். ஜோதிலட்சுமி மடமடவென்று குடித்தாள். உடனே எழுந்து ஓடி, பூந்தொட்டியில் துப்பினாள்.

"ஐய! இன்னாக்கா இது, ஒரே கசப்பா கீது! வேப்பங்கொட்டையை அரைச்சு ஊத்திகினியா இதுல?"

தயாளன் பார்க்கிங்கிலிருந்து உளியோடு அப்போதுதான் உள்ளே வந்தார். ரேணுகாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. ஜோதிலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் கசக்குதா?"

"கசக்காம? மோரு இல்லக்கா, கிண்ணமே கசக்குது. மோந்து பாரு. இதுலயா துன்றே நீ?"

தயாளன் மனசு கணக்குப் போட்டது. எட்டு மாசம். தினம் மூன்று வேளை. கழுவித் துடைத்து அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தது அவர்தான். ஜோதிலட்சுமி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவோ ஆகிவிட்டது என்று புரிந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினாள்.

ரேணுகாம்பாள் திரும்பினாள். "நீங்க குடிச்சுப் பாத்தீங்களே. கசக்கலைன்னு சொன்னீங்களே."

அவர் கிண்ணத்தை எடுத்தார். அடியில் மிச்சம் இருந்த மோரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். இந்த ஒரு தடவையாவது கசக்காதா என்று மனசுக்குள் அம்மனை வேண்டிக்கொண்டார். அவள் தின்ற கசப்பில் ஒரு துளியாவது தன் நாக்கில் படட்டும் என்று கேட்டார். குளுகுளுவென்று இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

"கசக்குதா?" என்றாள்.

"தெரியல ரேணு." உளியைக் கீழே வைத்தார். "நாலு வருஷமாவே எதுவும் தெரியல. அன்னிக்கு நீ அழுதியே, அதைத் தாங்க முடியாம வந்துடுச்சின்னு சொன்னேன். வரவே இல்ல."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் தன் நடுங்கும் கையை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டாள்.

"அழுதா என்ன?" என்றாள். "அழுதுட்டு அடுத்த வேளைக்கு ஆக்கியிருப்பேன். கசப்பு பெரிசில்லைங்க. கை போச்சு, நாக்கும் போச்சு, இனிமே என்னென்ன போகப்போகுதோன்னு எட்டு மாசமா உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேனே, அதை யார்கிட்ட சொல்றது?"

அவள் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. அந்த வீட்டில் கேட்ட ஒரே சத்தம் லேத்துடையது. காய்ந்த பூவரசங்கட்டை ஒன்று இருந்தது. அதே அளவு, அதே அடிக்கனம், அதே உள்வளைவு. முதல் நாள் மணி பன்னிரண்டைத் தாண்டியும் லேத் ஓடியது. சங்கத்துச் செயலாளர் படியிறங்கி வந்தார். டைம் கீப்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனார்.

இந்த முறை தயாளன் தன் நாக்கை நம்பவில்லை. கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தார். முதலில் தாவீதிடம் போய் நின்றார். "கொஞ்சம் குடிச்சுப் பாத்து உண்மையைச் சொல்லுங்க. எனக்கு ருசி தெரியாது." அந்தக் கடைசி வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. தாவீது குடித்துவிட்டு, "கசப்புலாம் இல்ல சார்" என்றார். மகளை வரவழைத்தார். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதுகொண்டே குடித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். மீன் கொண்டுவந்த ஜோதிலட்சுமியையும் விடவில்லை. "ரசம் நல்லா கீது சார், உப்புதான் போட மறந்துட்ட போல" என்றாள். கசக்கவில்லை என்பதைக் கேட்ட சந்தோஷத்தில் உப்புச் சங்கதி அவர் காதில் ஏறவில்லை.

பழைய கிண்ணத்தை எரித்துவிடலாம் என்று பின்பக்கம் எடுத்துப் போனபோதுதான் ரேணுகாம்பாள் வாய் திறந்தாள். "ஆத்தா மரத்தை எரிக்காதீங்க. அது என்ன பண்ணும் பாவம், அது கொணமே கசப்பு." வாங்கி, அம்மன் படத்துக்குக் கீழே வைத்து, மஞ்சளும் குங்குமமும் போட்டு வைக்கச் சொன்னாள். அது இப்போது அங்கேதான் இருக்கிறது.

மத்தியானம். பூவரசங் கிண்ணத்தில் சோற்றைக் குழையப் பிசைந்து, அதே ரசத்தைச் சூடுபண்ணி ஊற்றி அவள் முன்னால் வைத்தார். எதிரே உட்கார்ந்தார். அவள் விரல்கள் நடுங்கிக்கொண்டே உள்ளே போயின. ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். விழுங்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று தயாளனுக்கு இருந்தது. டியூபும், டாக்டர் கொடுத்த ஒரு மாசமும் அவர் நெஞ்சில் வந்து நின்றன.

"ரேணு... கசக்குதா?"

அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே சுவர் இல்லை, அவர்தான் இருந்தார். அவரையே பார்த்தாள்.

"புளிப்பு சரியா இருக்கு. மிளகு வாசனை நல்லா வந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "உப்புதான் கம்மி."

அந்தக் கசப்பை விட்டால், அவர் செய்த சமையலில் அவள் சொன்ன முதல் குறை அது. தயாளன் எழுந்து ஓடி உப்பு ஜாடியை எடுத்துவந்து, ஒரு சிட்டிகை போட்டுக் கலந்தார். அவள் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

போட்டார்.

"ம், போதும். இனிமே அடுப்புலேர்ந்து எறக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டுங்க, நான் சொல்றேன்" என்றாள். கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளப் பார்த்தாள். அடி கனத்தில் அது நகரவில்லை. "இன்னொரு கரண்டி சோறு வையுங்க."